மூன்று விளக்குகள், ஒரு கோடி நிறங்கள்!

குழந்தைகளே! ஓவிய வகுப்பில் நீல வர்ணத்தையும் மஞ்சள் வர்ணத்தையும் கலந்தால் என்ன நிறம் கிடைக்கும்? "பச்சை!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவீர்கள். சரியான விடைதான்.

இப்போது இன்னொரு கேள்வி. கணினித் திரையில் நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் கலந்தால் என்ன நிறம் கிடைக்கும்? பச்சை கிடைக்காது. வெள்ளை கிடைக்கும்!

நம்ப முடியவில்லையா? ஒரு சின்ன இணையப் பக்கத்தை நீங்களே வடிவமைத்தால் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நிறங்களைப் பற்றிய பாடத்தைப் படிக்க அதைவிட எளிய வழி இல்லை. வர்ண டப்பாவும் தூரிகையும் வேண்டாம். கையில் கறை படியாது. பிடிக்காத நிறத்தை ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளலாம்.

நீர்த்துளி சொல்லும் ரகசியம்

முதலில் ஒரு சோதனை. வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, ஒரு செல்பேசியை வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் வெள்ளையான ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, கடுகு அளவுக்கும் சிறிய ஒரு துளியை மட்டும் திரையின் நடுவில் வையுங்கள். அந்தத் துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். உற்றுப் பாருங்கள்.

வெள்ளை எங்கே? காணோம்! சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் புள்ளிகள்தான் தெரியும். பார்த்ததும் மெல்லிய துணியால் துளியைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்து, செய்தித்தாளில் உள்ள ஒரு வண்ணப் படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கே வேறு வகைப் புள்ளிகள் தெரியும். ஆகாய நீலம் போன்ற 'சயான்', கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது போன்ற 'மெஜந்தா', மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள்தான் அச்சகத்தில் பயன்படுகின்றன.

திரைக்கு ஒரு கூட்டம், தாளுக்கு இன்னொரு கூட்டம். ஏன் இப்படி?

திரை தானே ஒளியை வெளியிடுகிறது. அங்கே ஒளியோடு ஒளியைக் கூட்டுகிறோம். கூட்டக் கூட்ட வெளிச்சம் அதிகமாகி, கடைசியில் வெள்ளை வருகிறது. தாளில் உள்ள மையோ தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அது கழித்தல் கணக்கு. நீல வர்ணம் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. மஞ்சள் வர்ணம் நீல ஒளியை விழுங்குகிறது. இரண்டும் சேரும்போது விழுங்கப்படாமல் தப்புவது பெரும்பாலும் பச்சை ஒளிதான். அதனால்தான் ஓவியத் தாளில் பச்சை வந்தது.

ஏன் மூன்று?

வெள்ளை ஒளிக்குள் எல்லா நிறங்களும் அடங்கியிருக்கின்றன என்பதை முப்பட்டகக் கண்ணாடியால் பிரித்துக் காட்டியவர் ஐசக் நியூட்டன். 1704இல் வெளிவந்த 'ஒளியியல்' நூலில், நிறங்களை அவர் ஒரு வட்டமாக அமைத்துக் காட்டினார். நிறச் சக்கரம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அதுதான்.

நம் கண்ணின் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவை மூன்று வகை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பக்கத்து ஒளிகளை அவை பங்கிட்டுக்கொண்டு உணர்கின்றன. எனவே, மூன்று ஒளிகளைத் தக்க அளவில் கலந்து காட்டினால் போதும். ஏறக்குறைய எந்த நிறத்தையும் கண் பார்த்ததாக எடுத்துக்கொள்ளும்.

இதை 1861ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. கட்டம் போட்ட ஒரு வண்ண ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை படமெடுக்கச் செய்தார். பிறகு மூன்று படங்களையும் அதே நிற ஒளிகளில் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தார். ரிப்பனின் நிறங்கள் திரையில் தோன்றின! இன்று உங்கள் கைப்பேசியும் தொலைக்காட்சியும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

நோட்பேடு போதும்

இப்போது நம் பக்கத்தைத் தொடங்கலாம். உலகளாவிய வலைக்கான யோசனையை டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1989இல் எழுதினார். அப்போது அவர் சுவிட்சர்லாந்தில் 'செர்ன்' ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொடக்க காலப் பக்கங்களில் படமோ அலங்காரமோ கிடையாது, வெறும் எழுத்துகள்தான். நிறங்கள் பிறகு வந்தன.

இணையப் பக்கம் எழுதப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கணினியில் உள்ள 'நோட்பேடு' போதும். 'எச்.டி.எம்.எல்.' என்ற குறிமொழியில் சில வரிகள் எழுதிச் சேமித்து, உலாவியில் திறந்தால் பக்கம் தயார். பார்ப்பதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. வீட்டில் கணினி இல்லாதவர்கள் பள்ளிக் கணினி அறையில் ஆசிரியரின் உதவியோடு செய்யலாம். "பின்னணி நிறத்தையும் எழுத்தின் நிறத்தையும் மூன்று எண்களால் எப்படிக் கொடுப்பது?" என்று அவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு வரிதான், சொல்லித் தந்துவிடுவார்.

அந்த மூன்று எண்கள்தான் நம் கதாநாயகர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று குட்டி விளக்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் சிவப்பு விளக்குக்கு. இரண்டாவது பச்சை விளக்குக்கு. மூன்றாவது நீல விளக்குக்கு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 0 என்றால் விளக்கு அணைந்துவிட்டது. 255 என்றால் முழு வெளிச்சம்.

இவற்றை ஒவ்வொன்றாகப் பின்னணியில் போட்டுப் பாருங்கள்:

255, 0, 0 – சிவப்பு
0, 255, 0 – பச்சை
0, 0, 255 – நீலம்
255, 255, 0 – மஞ்சள்
0, 255, 255 – சயான்
255, 0, 255 – மெஜந்தா
255, 255, 255 – வெள்ளை
0, 0, 0 – கறுப்பு

மஞ்சளைக் கவனித்தீர்களா? திரையில் மஞ்சள் விளக்கே கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் நம் கண்ணுக்கு அது மஞ்சள்! அதனோடு நீலமும் சேர்ந்தால் மூன்றும் எரிகின்றன; வெள்ளை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா?

மூன்று எண்களும் சமமாக இருந்தால் சாம்பல் நிறம் வரும். 255, 128, 0 என்று போட்டால் ஆரஞ்சு வரும். அந்த எண்களைப் பாதியாக்கி 128, 64, 0 என்று போடுங்கள். வில்லியனூர்க் களிமண் பொம்மைகளை நினைவூட்டும் பழுப்பு வரும். பழுப்பு என்பது வெளிச்சம் குறைந்த ஆரஞ்சுதான் என்று இதற்கு முன் யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

மொத்தம் எத்தனை நிறங்கள் உண்டாக்கலாம்? ஒரு விளக்குக்கு 256 நிலைகள். 256 × 256 × 256 = 1,67,77,216. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல்!

நம்மிடம் நிறங்களுக்கு அழகான பெயர்கள் உண்டு. கிளிப்பச்சை, மயில்நீலம், அரக்கு, வெந்தய நிறம், வாடாமல்லி. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய பட்டுச் சேலையின் நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர். ஆனால் கிளிப்பச்சை என்று நான் நினைப்பதும் நீங்கள் நினைப்பதும் கொஞ்சம் வேறுபடலாம். மூன்று எண்களாகச் சொல்லிவிட்டால், அரியூரில் இருக்கும் நானும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு மாணவியும் ஒரே நிறத்தைத்தான் எழுதுவோம்.

எதிரும் புதிரும்

நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கும் நிறங்களை 'நிரப்பு நிறங்கள்' என்பார்கள். ஒளியில் அவற்றைக் கண்டுபிடிப்பது மிக எளிது. ஒவ்வோர் எண்ணையும் 255இலிருந்து கழித்துவிடுங்கள். சிவப்பு 255, 0, 0. கழித்தால் 0, 255, 255. அது சயான். எனவே சிவப்புக்கு எதிர் சயான். பச்சைக்கு எதிர் மெஜந்தா. நீலத்துக்கு எதிர் மஞ்சள்.

இது வெறும் கணக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் கண்ணும் இந்தக் கணக்கைப் போடுகிறது! வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஒரு சிவப்புச் சதுரம் வையுங்கள். அதை அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு சதுரம் மிதக்கும். சிவப்பை உணரும் பகுதி களைத்துவிட்டதால், மற்ற இரண்டும் சற்று ஓங்கித் தெரிகின்றன.

நெசவாளர்களுக்கு நிறங்களின் எதிர்ப்புணர்வு நன்றாகத் தெரியும். மாம்பழ மஞ்சள் சேலைக்கு அரக்குக் கரை வைத்தால் இரண்டுமே எடுப்பாகத் தெரிகின்றன, இல்லையா?

இதை ஆராய்ந்து நூல் எழுதியவர் செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை நெசவுக் கூடத்தின் சாயப் பிரிவுக்கு அவர் 1824இல் தலைவரானார். "கறுப்புச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது" என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அதன் தோற்றத்தைக் கெடுத்தன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறமும் சேர்ந்து முடிவு செய்கிறது என்று 1839இல் அவர் விளக்கி எழுதினார்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு கறுப்புப் பெட்டியும் ஒரு வெள்ளைப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள. இரண்டின் நடுவிலும் 128, 128, 128 என்ற ஒரே சாம்பல் நிறச் சதுரத்தை வையுங்கள். கறுப்பின்மேல் உள்ளது வெளிர்ந்தும், வெள்ளையின்மேல் உள்ளது இருண்டும் தெரியும். எண்கள் ஒன்றே, கண்ணுக்குத்தான் இரண்டாகத் தெரிகின்றன.

டால்டன் பார்த்த சிவப்பு

நிறங்களைக் கலக்கக் கற்றாயிற்று. ஒரு கோடி நிறங்கள் கையில் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் பக்கத்தில் கொட்டலாமா? அதற்கு முன் ஒருவருடைய கதையைக் கேளுங்கள்.

அணுக்கொள்கையைச் சொன்ன ஜான் டால்டனை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஜெரேனியம் என்ற பூவைப் பகலில் பார்த்தபோது அது அவருக்கு நீலமாகத் தெரிந்தது. இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கோ அப்படிப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. கடிதங்களுக்கு முத்திரையிடும் சிவப்பு அரக்கும், லாரல் மரத்துப் பச்சை இலையும் அவர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன!

1794இல் மான்செஸ்டரில் அவர் இதைக் கட்டுரையாகப் படித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதால்தான் இப்படித் தெரிகிறது என்று அவர் நம்பினார். தாம் இறந்த பிறகு கண்ணைச் சோதிக்கும்படியும் கேட்டுக்கொண்டார். 1844இல் அவர் இறந்ததும் சோதித்தார்கள். நீர்மம் தெளிவாகவே இருந்தது. காரணம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கண்ணின் பகுதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 150 ஆண்டுகள் கழித்து, 1995இல் விஞ்ஞானிகள் அதன் மரபணுவை ஆராய்ந்தார்கள். பச்சை ஒளியை உணரும் கூம்பு செல்லுக்கான நிறமி டால்டனுக்கு இல்லை என்று தெரிந்தது.

இப்படிச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உலகில் நிறைய இருக்கிறார்கள். வட ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மற்ற நாடுகளில் இது சற்றுக் குறைவு. பெண்களுக்கு மிகவும் அரிது. பிறவியிலேயே வருவதால், அவர்களில் பலருக்குத் தமக்குக் குறைபாடு இருப்பதே தெரியாது. உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு மாணவர் இருக்கலாம். "சிவப்பில் எழுதியதைப் படி" என்று சொன்னால், கரும்பலகையை விழித்துப் பார்ப்பார். கவனக்குறைவு என்று அவரைத் திட்டுவது நியாயமா?

எல்லோரும் படிக்கும் பக்கம்

இணையப் பக்கம் வடிவமைப்பவருக்கு இங்கேதான் பொறுப்பு வருகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்சத்தில் போதிய வேறுபாடு இருக்க வேண்டும். இதை 'மாறுபாட்டு விகிதம்' என்று கணக்கிடுகிறார்கள். மிகக் குறைவு 1. மிக அதிகம் 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்று, வலைத் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

சில ஜோடிகளின் மதிப்பைப் பாருங்கள்:

வெள்ளையின்மேல் கறுப்பு – 21
கறுப்பின்மேல் மஞ்சள் – 19.6
அடர்நீலத்தின்மேல் (0, 0, 128) வெள்ளை – 16
வெள்ளையின்மேல் நீலம் – 8.6
வெள்ளையின்மேல் சிவப்பு – 4
அடர்பச்சையின்மேல் (0, 128, 0) சிவப்பு – 1.3
வெள்ளையின்மேல் மஞ்சள் – 1.1

பச்சையின்மேல் சிவப்பு எழுத்து பளிச்சென்று இருக்கும் என்றுதானே நினைத்தீர்கள்? நிறம் வேறு; ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று. டால்டன் போன்றவர்களுக்கு அங்கே எழுத்து இருப்பதே தெரியாமல் போகலாம். நல்ல கண் உள்ளவர்களுக்கும் எழுத்து கூசும்.

மஞ்சள் ஏன் வெள்ளையில் மறைந்துவிடுகிறது? மூன்று விளக்குகளும் முழுதாக எரியும்போது கிடைக்கும் வெளிச்சத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் பச்சை விளக்கின் பங்கு சுமார் 72. சிவப்பின் பங்கு 21. நீலத்தின் பங்கு வெறும் 7! மஞ்சளில் பச்சையும் சிவப்பும் சேர்ந்து 93 பங்கு வந்துவிடுகிறது. வெள்ளைக்கும் அதற்கும் 7 பங்குதான் வித்தியாசம்.

வயதானவர்களுக்கும் இது முக்கியம். கண்புரை வந்தால் பார்வை மங்கும். வெளிறிய எழுத்து முதலில் மறையும். நீங்கள் சாம்பல் பின்னணியில் இளநீல எழுத்து வைத்தால், உங்கள் பாட்டி அதைப் படிக்க முடியாது.

அதே வழிகாட்டியில் இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு செய்தியை நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது. போக்குவரத்து விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே. நிறம் தெரியாதவரும் இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார். நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் அச்சிட்டு வந்தார்கள். பச்சையும் பழுப்பும் சிலருக்கு ஒன்றாகத் தெரியுமே! 2020இல் வந்த புதிய விதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. இப்போது வடிவத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் செய்யப்போகும் பக்கம்

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். 'ஊசுடு ஏரிப் பறவைகள்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் வடிவமையுங்கள். புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி அது. வேறு ஊர்க் குழந்தைகள் தங்கள் ஊர் ஏரியையோ கோயிலையோ எடுத்துக்கொள்ளலாம்.

1. மூன்று நிறங்களுக்கு மேல் வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரைப் பக்கத் தெருக்களில் பாருங்கள்: மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, அதன்மேல் படர்ந்த காகிதப்பூ. ஒரு நிறம் பரவலாக, ஒன்று துணையாக, ஒன்று சிறிதளவு எடுப்பாக இருந்தால் போதும்.

2. நிறங்களை உங்கள் ஊரில் தேடுங்கள். நாற்றங்காலின் இளம்பச்சை, ஏரித் தண்ணீரின் சாம்பல் நீலம், மீன்கொத்தியின் நீலம் ஆகியவற்றுக்கு எந்த மூன்று எண்கள் பொருந்தும்? எண்களைக் கூட்டியும் குறைத்தும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. முடிந்ததும் திரையைச் செல்பேசியில் படமெடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வெற்றி. மறைந்தால் எண்களை மாற்றுங்கள்.

4. 'சிவப்பில் உள்ளவை வலசை வரும் பறவைகள்' என்று மட்டும் எழுதாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் சேருங்கள்.

5. கடைசியாகத் தாத்தாவையோ பாட்டியையோ உட்கார வைத்து, பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த வரியில் தடுமாறுகிறார்களோ, அந்த வரியின் நிறத்தைத் திருத்துங்கள். அவர்கள் தரும் மதிப்பெண்தான் உண்மையான மதிப்பெண்!

உங்களுக்குச் சில கேள்விகள்

1. 200, 50, 100 என்ற நிறத்தின் நிரப்பு நிறம் எது?
2. 60, 60, 60 என்பது என்ன நிறம்?
3. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, நீல எழுத்து. எது எளிதாகப் படிக்க வரும்? ஏன்?

விடைகள்: 1. 55, 205, 155. 2. அடர்ந்த சாம்பல். 3. மஞ்சள், வெளிச்சத்தில் அதற்கு 93 பங்கு, நீலத்துக்கு 7 பங்குதான்.